உழுபவர் பெயர்

தஞ்சாவூர்
12 ஜனவரி 2006

அன்புள்ள சந்தானம் சாருக்கு,

நீலாம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. மெயில் இருக்கும்போது இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அலுவலகத்திலிருந்து போகிற மெயிலை எல்லாம் இப்போது முதலாளி பஞ்சநதம் சார் படிக்கிறார். என் கம்பெனி மெயிலை நான் படிக்காமல் யார் படிப்பது என்று கேட்கிறார். நான் கேட்கப்போவது அவர் கண்ணில் படாமல் கேட்க வேண்டிய விஷயம்.

பெங்களூருக்குப் போவதற்கு முன்பு வேதவனம் அறக்கட்டளைக்காக நீங்கள் எழுதிய குத்தகைப் பதிவு புரோகிராமை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எந்த வயல், எவ்வளவு பரப்பு, எந்த வாய்க்கால், யார் உழுகிறார் என்று காட்டுகிற அதே புரோகிராம். அதன் சோர்ஸ் கோடு, அதாவது நீங்கள் எழுதிய மூல வரிகள், இருந்த கம்ப்யூட்டர் போன வருஷம் இடி விழுந்து கருகிவிட்டது. மிஞ்சியிருப்பது ஓடுகிற வடிவம் மட்டும். ஓட்டலாம், உள்ளே கைவைத்துத் திருத்த முடியாது.

என் ஊர் நன்னிலம் பக்கம் ஆலங்கரை என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த அறக்கட்டளை நிலத்தில்தான் குத்தகைக்கு உழுகிறார்கள். என் அப்பா இளையபெருமாளும் அதில் ஒருவர். ஒரு காலத்தில் கூலிக்கு நின்ற வயல். சங்கம் வைத்து, அடிபட்டு, குத்தகைதாரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு குத்தகையாகக் கைக்கு வந்தது.

கார்த்திகை வெள்ளத்தில் எங்கள் தெரு காத்தான் மாமா வடிகாலை வெட்டிவிடப் போனவர், மறுநாள் ஓடம்போக்கி ஆற்றில் பிணமாக ஒதுங்கிக் கிடந்தார். அவர் மனைவி தங்கம்மாள் அத்தைதான் காரியம் முடிந்த கையோடு வயலில் இறங்கி, அழுகிப்போன இடத்தில் மறுநடவு செய்து, களை எடுத்துப் பயிரைக் காப்பாற்றியிருக்கிறார். இப்போது அறக்கட்டளை, எங்கள் குத்தகைதாரர்கள் இவர்கள்தான் என்று உங்கள் புரோகிராமிலிருந்து ஒரு பட்டியலை அச்செடுத்து, குத்தகை வழக்கு நடக்கிற வருவாய் நீதிமன்றத்தில் கொடுக்கப்போகிறது. அதில் பெயர் இல்லாதவர் எல்லாம் அத்துமீறி நிற்பவர் என்று வாதம். அத்தையின் வயலுக்கு எதிரே இன்னும் காத்தான் என்றுதான் இருக்கிறது. மாற்ற ஒரு பட்டனும் இல்லை. ‘உழுபவர்’ என்கிற ஃபீல்டை வெளியிலிருந்து தொட முடியாதபடி பிரைவேட் என்று மூடிவிட்டு, மாற்றுவதற்கு வழியே வைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

சோர்ஸ் கோடு பிரதி உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் வேறு வழி உண்டா?

அன்புடன்,
நீலாம்பாள்


பெங்களூர்
21 ஜனவரி 2006

அன்புள்ள நீலாம்பாள்,

உங்கள் கடிதம் பொங்கல் விடுமுறை கழித்துத்தான் கைக்கு வந்தது. காத்தானைப் பற்றிப் படித்து மனம் கனத்தது. நீங்கள் ஊரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன்.

சோர்ஸ் கோடு என்னிடம் இல்லை. வேலையை விடும்போது எல்லாவற்றையும் பஞ்சநதத்திடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஆனால் அந்த ஃபீல்டை நான் மறந்துபோய் மூடவில்லை. வேண்டுமென்றே மூடினேன். அதை எழுதுவதற்காக அறக்கட்டளை அலுவலகத்தில் சில வாரங்கள் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஏஜெண்ட் ரெத்தினத்தின் மேஜையில் எப்போதும் ஒரு பென்சிலும் ரப்பரும் இருக்கும். குத்தகை நெல்லை அளக்கும்போது மரக்கால் சரியில்லை என்று ஒருவர் வந்து வாதாடினார். அடுத்த வாரம் நான் பதிவேட்டைப் பார்க்கும்போது அவர் பெயர் இருந்த இடத்தில் தாள் மெலிந்து போயிருந்தது, மேலே வேறொரு பெயர். எங்கள் வீடும் பாபநாசம் பக்கம் நிலம் வைத்திருந்த வீடுதான். குத்தகைச் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் என் பெரியப்பா எப்படி ஆட்களை வெளியேற்றினார் என்பது எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லப்படுகிற கதை. அதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் ஒருமுறை ஏற்றிய பெயரை யாரும் தொட முடியாதபடி செய்தேன். ரெத்தினம் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். புரோகிராம் இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டேன்.

தாசில்தாரிடம் வாரிசு என்று மனு கொடுக்கச் சொல்லுங்கள். கூட உழைத்த மனைவிக்குக் குத்தகை உரிமை சட்டப்படி உண்டு. பஞ்சநதத்திடம் புது வடிவம் எழுத அனுமதி கேளுங்கள். சில மாதங்கள் ஆகும். ஆனால் அதுதான் சரியான வழி.

அன்புடன்,
சந்தானகிருஷ்ணன்


தஞ்சாவூர்
3 பிப்ரவரி 2006

சந்தானம் சாருக்கு,

சில மாதங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் மாசி பிறந்ததும் போகிறது சார்.

நீங்கள் சொன்ன வழியிலும் போனோம். தங்கம்மாள் அத்தையைக் கூட்டிக்கொண்டு நானே நன்னிலத்துக்குப் போய் மனு கொடுத்தேன். விசாரிப்போம் என்றார்கள். பிறகு அத்தை தனியாக அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். ரெத்தினம் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம்.

“கம்ப்யூட்டர்ல காத்தான்னுதான் இருக்கு. காத்தானைக் கூட்டிக்கிட்டு வா.”

“அவரு வரமாட்டாருங்க. நட்டது நானு, அறுத்ததும் நானுங்க” என்று அத்தை சொல்லியிருக்கிறார். அதற்கு அவர், நான் என்ன செய்வது, மிஷின் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று கையை விரித்திருக்கிறார். உங்கள் பூட்டு யாரைத் தடுக்க வைத்ததோ, அவரே அதன் பின்னால் நின்றுகொண்டு பேசுகிறார்.

அத்தை இதைச் சொல்லும்போது அழவில்லை. காத்தான் செத்தது எனக்குத் தெரிகிறது, அந்தப் பொட்டிக்கு யார் சொல்வது என்று என்னைக் கேட்டார். அந்தப் பொட்டியோடு பேசுகிறவள் என்று தெருவில் எனக்குத்தானே பெயர்.

அதனால் சொல்லிவிட்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் இருக்கும் ஒரு ஆப்ஜெக்டிடம், நீ எந்த வகை, உனக்குள் என்னென்ன ஃபீல்டு இருக்கிறது என்று கேட்க ஜாவா மொழியில் வழி உண்டு அல்லவா? ரிஃப்ளெக்‌ஷன். நீங்கள் இங்கே இருந்தபோது ஒரு மத்தியானம் டீக்கடையில் வைத்துச் சொன்னதுதான். உங்கள் புரோகிராமைத் தொடாமல், பக்கத்தில் சின்னதாக ஒன்று எழுதி அதை ஓடவிட்டுக் கேட்டேன். எல்லா ஃபீல்டின் பெயரையும் சொன்னது. ‘உழுபவர்’ பிரைவேட் என்றும் சொன்னது. இருந்தாலும் திற என்று ஒரு வரி எழுதினேன். திறந்தது. அடுத்த வரியில் தங்கம்மாள் என்று வைத்தேன். புரோகிராம் ஒன்றும் கேட்கவில்லை. அச்செடுத்தால் அத்தை பெயர் அழகாக வந்தது. புருஷன் செத்து ரொம்ப நாளாகத் தானே உழுகிற ராமாயி பெரியம்மாவின் பெயரையும், அப்படியே இன்னும் சில பேருடையதையும் மாற்றினேன். ஒருவருக்கும் இல்லாததைக் கொடுக்கவில்லை. உண்மையைத்தான் எழுதினேன்.

நான் செய்தது தப்பென்று நீங்கள் எழுதினால் படித்துக்கொள்கிறேன். வருத்தப்படுவேன் என்று சொல்ல முடியவில்லை.

நீலாம்பாள்


பெங்களூர்
9 பிப்ரவரி 2006

நீலாம்பாள் அவர்களுக்கு,

நீங்கள் எழுதிய பெயர்கள் உண்மையானவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திறக்கிற வழிக்கு உண்மைப் பெயர், பொய்ப் பெயர் என்ற வித்தியாசம் தெரியாது. அதுதான் என் பயம்.

இன்னொன்று. தேடும் திரையில் தங்கம்மாள் என்று பெயரை அடித்துப் பாருங்கள். வராது. காத்தான் என்று அடியுங்கள், தங்கம்மாளின் வயல் வரும். பெயரை வைத்து வயலைத் தேடுவதற்காகத் தனியே ஒரு மேப் வைத்திருக்கிறேன், எந்தப் பெயருக்கு எந்த வயல் என்று சொல்லும் அகராதி மாதிரி. முதலில் ஏற்றிய பெயர்தான் அதில் சாவி. வயலுக்கு உள்ளே இருக்கும் பெயரை நீங்கள் பின்வாசல் வழியாக மாற்றியது அந்த மேப்புக்குத் தெரியாது. சேமித்து மறுபடி திறந்தாலும் அது பழைய சாவியோடுதான் வரும். ஒரே புரோகிராமுக்குள் இப்போது இரண்டு பேச்சு இருக்கிறது. முன்வாசல் என்று ஒன்றை வைத்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றியிருக்கலாம். அதை நான் வைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. நீங்கள் எழுதிய அந்தச் சின்ன புரோகிராமை வேலை முடிந்ததும் அழித்துவிட்டீர்களா? உடனே பதில் எழுதுங்கள்.

சந்தானகிருஷ்ணன்


தஞ்சாவூர்
1 மார்ச் 2006

அன்புள்ள சந்தானம் சார்,

உங்கள் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். தேடிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலத்தான் வந்தது. அதனால் இன்னும் கோபம்.

அழிக்கவில்லை சார். பஞ்சநதம் சார் ஒருநாள் அச்சுப் பிரதியில் புதுப் பெயர்களைப் பார்த்துவிட்டு எப்படி என்று கேட்டார். மறைக்க மனம் வரவில்லை, காட்டினேன். வேலை போய்விடும் என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ, இத்தனை நாளாக ரெத்தினம் கேட்டுக்கொண்டிருந்தது இதுதானே என்று சந்தோஷப்பட்டார். ‘பெயர் திருத்தம்’ என்று ஒரு திரை போட்டு அதையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். சாவு, பாகப்பிரிவினை வந்தால் முறையாக மாற்றத்தானே என்று நானும் நம்பிப் போட்டுக் கொடுத்தேன். அவரும் கெட்டவர் இல்லை. இந்தக் கம்பெனி ஓடுவதே அந்த ஒரு வாடிக்கையாளரால்தான்.

பட்டியல் தாக்கலான பிறகு பிரதி வாங்கிப் பார்த்தோம். தங்கம்மாள் அத்தை பெயர் இருக்கிறது. ராமாயி பெரியம்மா பெயர் இருக்கிறது. மருதையன் மாமா பெயர் இல்லை. சங்கத்துக்குத் தலைவராக நின்று, அறக்கட்டளை மேல் வழக்குப் போட்டவர் அவர்தான். அவர் வயலுக்கு எதிரே ரெத்தினத்தின் மைத்துனர் பெயர் இருக்கிறது. மருதையன் மாமாவோடு கோர்ட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள் பெயரும் இல்லை.

என் அப்பா பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது சார். அப்பாவும் மருதையன் மாமாவும் கொடி பிடித்தது ஒன்றாக, ஜெயிலுக்குப் போனது ஒன்றாக. அவர் பெயரை மட்டும் ரெத்தினம் விட்டுவைத்திருக்கிறார். ஏன் என்று தெருவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மகள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள், அவள்தான் பெயரை மாற்றுகிற வழி செய்து கொடுத்தாள் என்று தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். குழாயடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, “அந்தத் தெறக்குற வழி நீ எழுதுனதுதானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நல்லதுக்குத்தான் எழுதிருப்ப” என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மருதையன் மாமா வீட்டுக்குப் போனார். நான் பஸ் ஏறும்வரை அவர் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நீங்கள் பயந்தது நடந்துவிட்டது. உங்களிடம் உதவி கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீலாம்பாள்


பெங்களூர்
7 மார்ச் 2006

அன்புள்ள நீலாம்பாள்,

முகம் இல்லை என்றெல்லாம் எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தை என் மனைவி சரசாவிடமும் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, அந்தப் பெண் உங்களிடம் முதல் தடவை கேட்டபோதே நீங்கள் ஏதாவது செய்திருக்கலாம் என்றாள்.

இரண்டு நாளாக யோசித்ததை எழுதுகிறேன். போன கடிதத்தில் மேப்பைப் பற்றி ஒரு குறையாக எழுதினேன் அல்லவா? இப்போது அதுதான் நமக்குப் பிடி. ரெத்தினம் உபயோகித்தது நீங்கள் போட்ட திரை. அது உள்ளே இருக்கும் பெயரை மட்டும்தான் மாற்றும். மேப்பில் மருதையன் என்கிற சாவி இன்னும் அவர் வயலைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ரிஃப்ளெக்‌ஷனை வைத்து எழுத மட்டுமல்ல, படிக்கவும் முடியும். ஒவ்வொரு வயலாகப் போய் உள்ளே இருக்கும் பெயர் என்ன, மேப்பில் இருக்கும் சாவி என்ன என்று கேட்டு, இரண்டும் பொருந்தாத இடங்களை மட்டும் அச்சிடலாம். எதையும் மாற்றாத புரோகிராம். யார் மாற்றினார்கள் என்று அது சொல்லாது. முதலில் என்ன இருந்தது என்று சொல்லும். அறக்கட்டளை தாக்கல் செய்தபோது ஃபைலையும் சி.டி.யில் கொடுத்திருக்கும். அதை வைத்தே காட்டலாம்.

இனி எழுதப்போவதுதான் எழுதத் தயங்கியது. அந்த அச்சில் மருதையன் வயல் மட்டும் வராது. தங்கம்மாள் வயலும் வரும், ராமாயி வயலும் வரும். ரெத்தினத்தின் திருத்தத்தைக் காட்டுகிற அதே தாள் உங்கள் திருத்தத்தையும் காட்டும். நீங்கள் நீதிமன்றத்தில் போய்ச் சொன்னால் அந்தப் பட்டியல் முழுவதும் செல்லாததாகிவிடும். உங்கள் வேலையும் போகும்.

சொல்லச் சொல்லி நான் கேட்க மாட்டேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்பது அழகல்ல.

அன்புடன்,
சந்தானம்


ஆலங்கரை
13 மார்ச் 2006

அன்புள்ள சந்தானம் சார்,

லீவு போட்டுவிட்டு ஊரில் இருக்கிறேன். உளுந்து பறித்துக்கொண்டிருக்கிறார்கள். தங்கம்மாள் அத்தையோடு நானும் குனிந்து பறித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். நான் போய்ப் பேசினால் உங்கள் பெயரும் போய்விடும் அத்தை, வயலே போனாலும் போய்விடும் என்றேன். மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் பாடம் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்.

அவர் பறிப்பதை நிறுத்தவில்லை. வரப்பு ஓரம் வந்ததும் மடியை உதறிக் கொட்டிவிட்டுச் சொன்னார்: “மருதையன் இல்லன்னா இந்த வயலு எங்க வூட்டுக்கு ஏது? அவன் பேரு இல்லாத தாள்ல எம்பேரு இருந்து என்ன ஆவப்போவுது? நீ போயி சொல்லு.”

நான் பெயர் மாற்றிய மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ராமாயி பெரியம்மாவிடம் கேட்கத்தான் வழியில்லை. அவர் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். உடம்பு முடியவில்லை என்று இவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். போன் செய்தால் அக்கம்பக்கத்துக் கடையில் எடுக்கிறார்கள், கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. அவர் பெயரையும் சேர்த்து எடுத்துவிடப்போகிறேன், அவரைக் கேட்காமலே. அது மட்டும் உறுத்துகிறது.

மற்றபடி முடிவு செய்துவிட்டேன். அந்தப் படிக்கிற புரோகிராமை எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் ஒருமுறை பார்த்துக் கொடுத்தால் தைரியமாக இருக்கும். விசாரணை இந்த மாதக் கடைசியில்.

நீலாம்பாள்


பெங்களூர்
20 மார்ச் 2006

அன்புள்ள நீலாம்பாள்,

இத்துடன் சி.டி. அனுப்பியிருக்கிறேன். உங்கள் புரோகிராம் சரியாக இருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் கைவைத்தேன்: ஒரே பெயரில் இரண்டு வயல் இருந்தால் குழம்பும், அதைச் சரிசெய்தேன்.

கூடவே என் கையெழுத்திட்ட வாக்குமூலம். அந்த ஃபீல்டை எதற்காக மூடினேன், என் பெரியப்பா என்ன செய்தார், அறக்கட்டளை அலுவலகத்தில் எதைப் பார்த்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இங்கே எங்கள் கம்பெனி வக்கீல், பழைய வேலை விவகாரத்தில் கையெழுத்துப் போடாதே என்றார். போட்டுவிட்டேன். நேரில் வர வேண்டும் என்றால் ஒரு வரி எழுதுங்கள், வருகிறேன்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். தொழில் வார்த்தை எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
சந்தானம்


தஞ்சாவூர்
2 ஏப்ரல் 2006

அன்புள்ள சந்தானம் சார்,

சொல்லிவிட்டேன்.

மின்விசிறி சத்தம் போடுகிற ஒரு சின்ன அறைதான். அதிகாரி நடுவயதுக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டே பேசுகிறார். பின் பெஞ்சில் அப்பாவும் மருதையன் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கம்மாள் அத்தை உட்காரவில்லை, கதவோரம் நின்றார்.

அறக்கட்டளை வக்கீல் நான் எதிர்பார்த்ததைத்தான் கேட்டார். முதலில் பெயரை மாற்றியது யார்? யார் அனுமதியில்? நான்தான் என்றேன், யார் அனுமதியும் இல்லை என்றேன். “அப்ப தப்பு செஞ்சது நீங்கதான்” என்றார். “ஆமாங்க. மொதல்ல செஞ்சது நான்” என்றேன். அவர் அதோடு முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரிதான் விடவில்லை. உள்ளே பூட்டியிருக்கிறதென்று இந்த எஞ்சினியர் எழுதியிருக்கிறாரே, நீ எப்படித் திறந்தாய் என்று உங்கள் வாக்குமூலத்தைக் காட்டிக் கேட்டார். சொல்வதைவிடச் செய்து காட்டுகிறேன் என்றேன். கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொன்னார். அறக்கட்டளை கொடுத்த ஃபைலின் பிரதியைப் போட்டு, யார் பெயரை வைக்கட்டும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தன் பெயரையே சொன்னார்.

வைத்தேன். அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். ஆலங்கரை வாய்க்கால் ஓரம் உள்ள வயலை உழுபவர் அவர்தான் என்று வந்திருந்தது, தலைப்பில் அறக்கட்டளையின் பெயரோடு. கண்ணாடியை இறக்கிப் படித்தார். சிரிப்பு போய்விட்டது. “இந்த ஊர்ச் சேத்துல நான் காலே வச்சதில்லியேம்மா” என்றார். பிறகு படிக்கிற புரோகிராமை ஓட்டி, பொருந்தாத வயல்களை வரிசையாகக் காட்டினேன். எதை நான் மாற்றினேன், எதை மாற்றவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மருதையன் மாமா வயல் வந்தபோது ரெத்தினம் எழுந்து வெளியே போனார்.

உத்தரவு அன்றைக்கே எழுதிவிட்டார்கள். அச்சுப் பட்டியலை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. வயலுக்கு நேரில் போய், யார் உழுகிறார்கள் என்று அக்கம்பக்கத்து வரப்புக்காரர்களை விசாரித்துப் பெயர் பதிய வேண்டும். அதுவரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

மறுநாள் பஞ்சநதம் சார் கணக்கை முடித்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. இனி இந்தக் கம்பெனியை எதை வைத்து நடத்துவது என்று மட்டும் கேட்டார்.

விசாரணை முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மருதையன் மாமா முன் சீட்டிலிருந்து திரும்பி, அதிகாரிக்குக் குத்தகை பாக்கி எவ்வளவு என்று கேட்டார். தெருக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

நீலாம்பாள்


பெங்களூர்
10 ஏப்ரல் 2006

அன்புள்ள நீலாம்பாள்,

இரண்டு தடவை படித்தேன். சரசா வாங்கி மூன்றாவது தடவை படித்தாள். பாபநாசத்தில் இருக்கும் பெரியப்பாவுக்கும் என் வாக்குமூலத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். போன் செய்தார். குடும்பக் கதையை ஏன் கோர்ட்டில் எழுதினாய் என்று கேட்டார். நடந்ததுதானே என்றேன். வைத்துவிட்டார். இனி கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டுக்குப் போக முடியாது.

இங்கே எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லட்டுமா?

அன்புடன்,
சந்தானம்


ஆலங்கரை
4 ஜூன் 2006

அன்புள்ள சந்தானம் சார்,

தேர்தல் வேலை முடியட்டும் என்று வயல் விசாரணையைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அதுவரை ஊரெல்லாம் மேடை, மேடைக்கு மேடை நிலம் தருகிறோம் என்ற பேச்சு. ஆட்சியும் மாறியது. போன வாரம்தான் வந்தார்கள்.

மருதையன் மாமா வயலுக்கு நான்கு பக்க வரப்புக்காரர்களும் வந்து சொன்னார்கள். ரெத்தினத்தின் மைத்துனர் வரவே இல்லை. பெயர் திரும்பவும் ஏறிவிட்டது. தங்கம்மாள் அத்தை வயலில் வருவாய் ஆய்வாளர் வழக்கம்போல இறந்த காத்தான் மனைவி என்று ஆரம்பித்தார். அத்தை குறுக்கே பேசினார். “அவரு பேரு அடுத்த வரியில வரட்டுங்க. மொதல்ல எம்பேரைப் போடுங்க.” அவர் அடித்துவிட்டுத் தங்கம்மாள் என்று எழுதினார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. எங்கே இருக்கிறது காட்டு என்று என்னைக் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராமாயி பெரியம்மா வயலில் யாரும் இல்லை. அவர் இன்னும் திருப்பூரில் இருக்கிறார். இரண்டு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் பாதை. மிச்சம் இருந்த ஒரே வரப்புக்காரர் ரெத்தினத்தின் ஆள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். அப்பா போய்ச் சொன்னார், மருதையன் மாமா சொன்னார், பக்கத்து வரப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளவில்லை. தரிசு என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு மத்தியானத்தில் நான் கொடுத்த பெயரை நானே எடுத்தேன், திரும்பக் கொடுக்க என்னால் முடியவில்லை. எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்த வயல்தான் கண்ணில் நிற்கிறது.

பெங்களூர் வேலைக்கு என் பெயரைச் சொல்லுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது வேண்டாம் சார். கூத்தாநல்லூரில் சைத்தூன் பீவி என்று ஒரு அம்மா கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறார். அங்கே சொல்லிக் கொடுக்கிறேன். சாயந்தரத்தில் மருதையன் மாமாவின் சங்கத்துக்காகப் புதிதாக ஒரு புரோகிராம் எழுதுகிறேன். அதில் ‘உழுபவர்’ பிரைவேட்தான், நீங்கள் செய்த மாதிரியே. ஆனால் முன்வாசல் ஒன்று வைத்திருக்கிறேன். பெயர் மாறினால் பழைய பெயர் போகாது, அதன் கீழே புதுப் பெயர் சேரும், யார் கேட்டு யார் மாற்றியது என்பதோடு. பின்வாசலை முழுக்க அடைக்க எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

நேற்று ராமாயி பெரியம்மாவின் மகன் போனில் கிடைத்தான். உடம்பு தேறிவிட்டது, அம்மாவை அனுப்பிவைக்கிறேன் என்றான். வேண்டாம், நாங்களே வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று தங்கம்மாள் அத்தை போனை வாங்கிச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டுக்கு அவர் நேரில் நிற்க வேண்டும். அத்தையும் நானும் இன்றைக்கே திருப்பூருக்குக் கிளம்புகிறோம். அத்தை இதுவரை கும்பகோணத்தைத் தாண்டிப் போனதில்லை. வாசலில் பையோடு நின்றுகொண்டு, எழுதினது போதும், பஸ் போயிடும் என்கிறார். போகிற வழியில் இதைத் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
நீலாம்பாள்